காலாங் புல்தரையில் இறங்கிய அமேலியா ஏர்ஹார்ட்

1937ஆம் ஆண்டு ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூரின் காலாங் விமான நிலையம் திறப்பு விழாக் கண்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அன்று மாலை பேங்காக்கிலிருந்து வந்த ஓர் உலோக விமானம் அதன் புல்தரையில் இறங்கியது. இரண்டு உந்துவிசிறிகள், இரட்டை வால், வெள்ளியாய் மின்னும் உடல். ஓட்டி வந்தவர் 39 வயது அமெரிக்கப் பெண். உடன் வந்தவர் வழிகாட்டி ஃபிரெட் நூனன் மட்டுமே. அன்றிரவு அமெரிக்கத் துணைத்தூதரின் இல்லத்தில் தங்கிவிட்டு, மறுநாள் பொழுது விடியும் நேரத்தில் இருவரும் ஜாவாவுக்குக் கிளம்பிப் போனார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஜூலை 2ஆம் தேதி, பசிபிக் பெருங்கடலில் அந்த விமானம் காணாமல்போனது.

அமேலியா ஏர்ஹார்ட் என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அந்த மர்மம்தான். ஜப்பானியர் பிடித்தார்கள், தீவில் ஒதுங்கினார், பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தார் என்று 80 ஆண்டுகளுக்கும் மேலாகக் கதைகள் உலவுகின்றன. அந்தக் கதைகளின் இரைச்சலில் அவர் வாழ்ந்த வாழ்க்கை பின்னுக்குப் போய்விட்டது. கூலிக்கு வேலை செய்து, காசு சேர்த்து, குடும்பக் கடனையும் சுமந்துகொண்டு பறக்கக் கற்றவர் அவர். அவருடைய ஒவ்வொரு பயணத்துக்கும் எங்கோ ஒரு சிறிய ஊரின் புல்தரை தேவைப்பட்டது. காலாங்கும் அப்படிப்பட்ட ஒரு தரைதான்.

இன்று பழைய விமான நிலையச் சாலை உணவங்காடி நிலையத்துக்குச் சாப்பிடப் போகிறவர்கள் பலருக்கு அந்தச் சாலைக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பது தெரிந்திருக்காது. காலாங் ஆற்று முகத்தின் சதுப்பு நிலத்தை மண் கொட்டி நிரப்பி உருவாக்கியதுதான் அந்த விமான நிலையம். 1937 ஜூன் 12ஆம் தேதி ஆளுநர் ஷென்டன் தாமஸ் அதைத் திறந்துவைத்தார். வட்டக் கண்ணாடிக் கோபுரத்துடன் கூடிய முனையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் முன்னால் இருந்த தரை வட்ட வடிவப் புல்வெளி. பக்கத்திலேயே கடல் விமானங்கள் இறங்கும் நீர்ப்பரப்பும் இருந்தது.

வட்டமாக அமைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து விமானங்கள் எடை குறைந்தவை. பக்கவாட்டுக் காற்றுக்கு ஈடுகொடுக்காதவை. காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்தத் திசையை நோக்கித்தான் ஏறவும் இறங்கவும் வேண்டும். வட்டத் திடல் என்றால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடலாம். புல்லில் இன்னொரு வசதி, சக்கரத்துக்கு அது மெத்தென்று இருக்கும். மழை பெய்தால்தான் வினை. ஈரப் புல்லில் சக்கரம் அழுந்தும், வேகம் பிடிக்காது, வழக்கமான தூரத்தைவிட அதிகம் ஓடினால்தான் மேலே எழும்பும். பாரம் ஏற்றிய விமானத்துக்கு அந்தக் கூடுதல் தூரம் உயிர்ப் பிரச்சினை. அமேலியாவின் கதையில் இது பிறகு வரும்.

அன்று காலாங்கில் இறங்கிய லாக்ஹீட் எலெக்ட்ரா அடிப்படையில் ஒரு பயணிகள் விமானம். பத்துப் பேர் உட்கார்ந்து போவதற்காக அமெரிக்காவில் வடிவமைத்தது. 1934இல் முதலில் பறந்தது. அமேலியா வாங்கிய வகையில் இரண்டு இயந்திரங்களும் தலா 600 குதிரைத்திறன் கொண்டவை. பயணிகள் இருக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் எரிபொருள் தொட்டிகளைப் பொருத்தியிருந்தார்கள்.

நம் மக்களில் பெரும்பாலோர் அப்போது ரஜூலா போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. விமானம் வெள்ளைக்காரர்களுக்கும் பெரும் வணிகர்களுக்கும் உரியது. ஆனால் மாற்றம் தொடங்கிவிட்டது. அமேலியா வந்துபோன எட்டாவது நாள், ஜூன் 28ஆம் தேதி, வேர்ன் சகோதரர்களின் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு ஆகிய மூன்று ஊர்களையும் இணைத்து விமானச் சேவையைத் தொடங்கியது. இரட்டை அடுக்குச் சிறகு கொண்ட டிராகன் ராப்பிட் விமானம் அது. மலாயாவின் உள்நாட்டுப் பயணிகள் விமானச் சேவை இப்படிச் சின்ன விமானங்களோடுதான் வேரூன்றியது.

பேருந்தும் நடையும்

அமேலியா மேரி ஏர்ஹார்ட் 1897 ஜூலை 24ஆம் தேதி கான்சாஸ் மாநிலத்தின் அட்சிசன் நகரில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். பாட்டனார் ஓய்வுபெற்ற நீதிபதி, வசதியானவர். தந்தை எட்வின் வழக்கறிஞர், ரயில்வே நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தங்கை மியூரியல். ஏழு வயதில் கொட்டகைக் கூரையிலிருந்து பலகைகளைச் சாய்த்து, பெட்டியில் உட்கார்ந்து சறுக்கி விழுந்து உதடு கிழிந்த பிள்ளை அவர். அடி பட்டும் அந்த விளையாட்டு பிடித்திருந்ததாம். ஆனால் பத்து வயதுவாக்கில் ஐயோவா மாநிலக் கண்காட்சியில் முதன்முதலாக விமானத்தைப் பார்த்தபோது அது அவரைக் கவரவில்லை. கம்பியும் மரமுமாக இருந்த அந்தப் பொருளை அலட்சியமாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

குடும்பத்தைச் சாய்த்தது தந்தையின் குடி. வேலை போனது. ஊர் ஊராக மாறினார்கள். ஒருமுறை தந்தையின் பெட்டியிலிருந்த மது போத்தலை அமேலியா கொட்டிவிட, எட்வின் மகளை அடிக்கக் கையோங்கினார். தாய் குறுக்கே வந்து தடுத்தார். சம்சு எத்தனை தோட்டக் குடும்பங்களைக் குலைத்தது என்று அறிந்த நமக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் பள்ளி மாறிக்கொண்டே இருந்தார்கள். அமேலியா 1916இல் சிகாகோவில்தான் உயர்நிலைப் பள்ளியை முடித்தார்.

1917ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் தங்கையைப் பார்க்க கனடாவின் டொரோண்டோ நகருக்குப் போனார். முதல் உலகப் போரில் கை கால் இழந்து திரும்பிய வீரர்களை அங்கே தெருவில் பார்த்ததும் படிப்பை விட்டுவிட்டு ராணுவ மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தார். தரை துடைப்பது, உணவு பரிமாறுவது, நோயாளிகளைக் கவனிப்பது என்று எல்லா வேலையும் பார்த்தார். 1918 கொள்ளைநோய்க் காய்ச்சல் அவரையும் பிடித்தது. அதில் வந்த சைனஸ் கோளாறு வாழ்நாள் முழுதும் விடவில்லை. பின்னாளில் உயரத்தில் பறக்கும்போதெல்லாம் அந்த வலி கூடவே இருந்தது.

1920 டிசம்பர் 28ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் தந்தையுடன் விமானக் காட்சிக்குப் போனார். மறுபடி ஒன்றிணைந்திருந்த குடும்பம் அப்போது அங்கே குடியிருந்தது. பத்து டாலர் கட்டணம், பத்து நிமிடப் பறப்பு. தரையிலிருந்து சில நூறு அடி மேலே போனதுமே, தான் பறந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

முடிவு செய்வது எளிது. பாடத்துக்குப் பணம்? தந்தையிடம் இல்லை. அமேலியா தொலைபேசி நிறுவனத்தில் எழுத்தர் வேலை பார்த்தார், புகைப்படம் எடுத்தார், லாரி ஓட்டினார். 1921 ஜனவரி 3ஆம் தேதி முதல் பாடம். கற்றுக்கொடுத்தவரும் ஒரு பெண்தான், பெயர் நீட்டா ஸ்னூக். விமானத் திடலுக்குப் போகப் பேருந்து கடைசி நிறுத்தம்வரைதான் ஓடும். அங்கிருந்து நான்கு மைல் நடை. பள்ளிக்கூடம் போக செம்மண் சாலையில் மைல் கணக்கில் நடந்த நம் பெரியவர்கள் இதைப் படித்தால் சிரித்துக்கொள்வார்கள்.

புதிதாக வாங்கிய தோல் மேற்சட்டை மற்ற விமானிகளுடையதைப்போலப் பழையதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மூன்று இரவு அதை அணிந்துகொண்டே தூங்கினார் என்பது அவர் வாழ்க்கைக் கதைகளில் தவறாமல் வரும் செய்தி. ஆறு மாதத்தில் பழைய கின்னர் விமானம் ஒன்றை வாங்கினார். மஞ்சள் நிறம் என்பதால் அதற்கு மஞ்சள் குருவி ஒன்றின் பெயர். 1922 அக்டோபரில் அதில் 14,000 அடி உயரம் ஏறிப் பெண்களுக்கான சாதனை படைத்தார். 1923இல் அனைத்துலக விமானச் சம்மேளனத்தின் உரிமம் பெற்ற 16ஆவது அமெரிக்கப் பெண்ணானார்.

அதோடு பணம் தீர்ந்தது. பெற்றோர் மணவிலக்கு பெற்றார்கள். விமானத்தை விற்று, மஞ்சள் நிறக் கார் ஒன்றை வாங்கி, தாயை உட்காரவைத்து அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஓட்டிக்கொண்டு பாஸ்டன் வந்து சேர்ந்தார். அப்போது அவர் வயது 27. கையில் பட்டமும் இல்லை, நிலையான வேலையும் இல்லை.

பாஸ்டனில் அவருக்குக் கிடைத்த வேலையைப் பற்றி அதிகம் பேர் எழுதுவதில்லை. ஆலைகளில் வேலை செய்யும் குடியேறிகளுக்கு ஆங்கிலம் கற்பித்தார். பிறகு 1926இல் டெனிசன் இல்லம் என்ற சமூக நல நிலையத்தில் சமூக ஊழியராகச் சேர்ந்தார். சிரியர், சீனர், இத்தாலியர் என்று புதிதாக வந்து சேர்ந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கே வகுப்பும் விளையாட்டும் நடக்கும். வீடு வீடாகப் போய்ப் பேசுவதும், பிள்ளைகளைத் தன் காரில் ஏற்றி ஊர்வலம் விடுவதும் அவர் வேலை. சம்பளம் சொற்பம். என் பார்வையில் அவர் வாழ்க்கையின் ஆக முக்கியமான பகுதி இதுதான். உலகப் புகழ் அவரைத் தேடி வந்தபோது அவர் ஒரு சமூக நல நிலையத்தில் பிள்ளைகளோடு இருந்தார்.

மூட்டையாகப் போனவர்

1928 ஏப்ரலில் டெனிசன் இல்லத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஏமி கெஸ்ட் என்ற செல்வந்தப் பெண்மணி அட்லாண்டிக் கடலை விமானத்தில் கடக்க விரும்பி ஃபாக்கர் விமானம் ஒன்றை வாங்கியிருந்தார். குடும்பத்தார் தடுத்துவிட்டார்கள். தமக்குப் பதிலாக வேறொரு பெண் போக வேண்டும் என்றார். தேடியவர்களின் கண்ணில் பட்டவர் அமேலியா. முந்தைய ஆண்டுதான் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்திருந்தார். அவருடைய முகச்சாயல் அமேலியாவுக்கு இருந்ததும் விளம்பரத்துக்கு வசதியாகப் போயிற்று.

ஜூன் 17ஆம் தேதி நியூஃபவுண்ட்லாந்திலிருந்து கிளம்பி 20 மணி 40 நிமிடத்தில் வேல்ஸ் நாட்டின் பர்ரி போர்ட் கரையில் இறங்கினார்கள். விமானத்தை ஓட்டியவர் வில்மர் ஸ்டுல்ட்ஸ், பழுதுபார்ப்பவர் லூயிஸ் கார்டன். இருவருக்கும் ஊதியம் உண்டு, அமேலியாவுக்கு இல்லை. ஒரு நிமிடம்கூட அவர் கையில் விமானத்தைக் கொடுக்கவில்லை. ஆனால் கரையில் கூடிய கூட்டம் ஓட்டியவரை விட்டுவிட்டு அமேலியாவைத்தான் கொண்டாடியது. நியூயார்க்கில் ஊர்வலம், வெள்ளை மாளிகையில் வரவேற்பு. அட்லாண்டிக்கை வானில் கடந்த முதல் பெண் என்று உலகம் முழுதும் செய்தி. அமேலியா கூசிப்போனார். தாம் வெறும் மூட்டையாகத்தான் போய்வந்ததாக வெளிப்படையாகவே சொன்னார். ஒருநாள் தனியாகக் கடந்து காட்ட வேண்டும் என்ற எண்ணம் அப்போதே விழுந்துவிட்டது.

அதற்கு நான்கு ஆண்டு பிடித்தது. இடையில் அவர் செய்த வேலைகளில் ஒன்று, புதிதாக முளைத்த விமான நிறுவனங்களுக்காகப் பெண் பயணிகளின் அச்சத்தைப் போக்குவது. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனுக்குப் பேருந்துபோல மணிக்கொரு விமானம் விட்ட லடிங்டன் நிறுவனத்தில் பொறுப்பு வகித்தார். 1929இல் பெண்களுக்கான நாடு தழுவிய விமானப் போட்டியில் மூன்றாவதாக வந்தார். அதே ஆண்டு நவம்பரில் பெண் விமானிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். சேர்ந்தவர்கள் 99 பேர் என்பதால் அதற்கு அந்த எண்ணே பெயரானது. அமேலியா அதன் முதல் தலைவி. சங்கம் இன்றும் இயங்குகிறது.

1931 பிப்ரவரியில் பதிப்பாளர் ஜார்ஜ் பட்னத்தை மணந்தார். பட்னம் பலமுறை கேட்ட பிறகுதான் சம்மதித்தார். திருமணத்தன்று காலை மாப்பிள்ளையிடம் ஒரு கடிதம் கொடுத்தார். தம் வேலையை விட முடியாது, ஓராண்டில் இருவருக்கும் மகிழ்ச்சி இல்லையென்றால் தம்மைப் போகவிட வேண்டும் என்பது அதன் சாரம். 1931இல் இப்படி எழுதிக் கொடுக்கத் துணிவு வேண்டும். வாங்கிக்கொண்டு மணந்துகொள்ளவும் துணிவு வேண்டும். பட்னம் விளம்பரக் கலையில் கெட்டிக்காரர். பயணப் பெட்டி, உடை, சொற்பொழிவு என்று மனைவியின் பெயரைப் பணமாக்கினார். அந்தப் பணத்தில்தான் அடுத்தடுத்த பயணங்கள் நடந்தன. தாய்க்கு மாதந்தோறும் அனுப்பிய தொகையும் அதிலிருந்துதான். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. பரம்பரைச் சொத்து இல்லாத பெண் வேறு எப்படிப் பறந்திருக்க முடியும் என்று அவர்கள் சொல்வதில்லை.

மாடுகள் மேய்ந்த நிலம்

1932 மே 20ஆம் தேதி, லிண்ட்பெர்க் கிளம்பிச் சரியாக ஐந்து ஆண்டு. நியூஃபவுண்ட்லாந்தின் ஹார்பர் கிரேஸ் என்ற சிறு துறைமுக ஊரிலிருந்து சிவப்பு லாக்ஹீட் வேகா விமானத்தில் அமேலியா தனியாகக் கிளம்பினார். அந்த ஊரின் விமானத் தளம் 1927இல் ஊர் மக்கள் முன்னின்று உருவாக்கியது. அட்லாண்டிக்கைக் கடக்கத் துணிந்த பலர் அங்கிருந்துதான் பறந்தார்கள். இன்று அந்த ஊர் வாசலில் அமேலியாவின் சிலையும், பக்கத்திலேயே பழைய டிசி-3 பயணிகள் விமானம் ஒன்றும் நிற்கின்றன.

அன்றிரவு பட்ட பாடு கொஞ்சமல்ல. உயரம் காட்டும் கருவி செத்துப்போனது. இயந்திரத்தின் புகைக்குழாயில் வெடிப்பு விழுந்து தீ நாக்கு வெளியே தெரிந்தது. சிறகில் பனி உறைந்து விமானம் சுழன்று கீழே விழுந்தது. அலைகள் கண்ணுக்குத் தெரியும் தாழ்வில்தான் அதை மீட்டார். மேலே போனால் பனி, கீழே போனால் கடல். எரிபொருள் கசியவும் தொடங்கியது. பாரிஸ் போகும் எண்ணத்தை விட்டு, 14 மணி 56 நிமிடப் பயணத்துக்குப் பின் வட அயர்லாந்தின் லண்டன்டெரி அருகே கல்மோர் என்ற இடத்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறக்கினார். பயந்து ஓடிய மாடுகளுக்கு நடுவே விமானம் நின்றது. வரவேற்கக் கூட்டமில்லை, இசைக்குழு இல்லை. ஒரு பண்ணைத் தொழிலாளிதான் முதலில் வந்தார்.

அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த முதல் பெண், லிண்ட்பெர்க்குக்குப் பிறகு இரண்டாவது மனிதர். இந்த முறை மூட்டை இல்லை. அமெரிக்க நாடாளுமன்றம் சிறப்பு வானோட்டச் சிலுவைப் பதக்கம் வழங்கியது. 1933 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் துணைவியார் எலினோரை, விருந்துக்கு உடுத்திய உடையோடே, ஒரு பயணிகள் விமானத்தில் இரவில் வாஷிங்டன் நகருக்கு மேலே அழைத்துப் போனார். 1935 ஜனவரியில் ஹவாயிலிருந்து கலிஃபோர்னியாவுக்குத் தனியாகப் பறந்தார். ஆணோ பெண்ணோ அதற்கு முன் யாரும் அதைச் செய்திருக்கவில்லை.

அதே ஆண்டு பர்டியூ பல்கலைக்கழகம் மாணவியருக்கு வழிகாட்ட அவரை அழைத்தது. மாணவியர் விடுதியிலேயே தங்கி, படிப்பை முடித்ததும் கல்யாணம் என்று ஒதுங்காமல் தொழிலுக்குப் போகச் சொல்லித் தூண்டினார். எலெக்ட்ரா விமானம் வாங்கப் பணம் திரட்டிக் கொடுத்ததும் அந்தப் பல்கலைக்கழகம்தான். 1936 ஜூலையில், தம் 39ஆவது பிறந்தநாளில், அது அவர் கைக்கு வந்தது. நிலநடுக்கோட்டை ஒட்டி உலகைச் சுற்றுவது திட்டம். அதைவிடக் குறுகிய வழிகளில் மற்றவர்கள் சுற்றியிருந்தார்கள். ஆக நீண்ட வழியில் போக வேண்டும் என்பது அவர் ஆசை.

கிழக்கு நோக்கி

முதல் முயற்சி மேற்கு நோக்கி. 1937 மார்ச்சில் ஹவாயின் லூக் ஃபீல்டிலிருந்து கிளம்பும்போது பாரம் மிகுந்த விமானம் தரையிலேயே சுழன்று சக்கரத்தை முறித்துக்கொண்டது. பழுதுபார்க்கக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அதற்குள் பருவம் மாறிவிட்டதால் திசையை மாற்றி, ஜூன் 1ஆம் தேதி மயாமியிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பினார்கள். வானொலிக் கருவியில் தேர்ந்த மேனிங் என்ற கப்பல் தலைவர் முதல் முயற்சியோடு விலகிக்கொண்டார். மிஞ்சியவர் நூனன். பசிபிக் வான்வழிகளை அளந்த அனுபவசாலி, நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை காண்பதில் வல்லவர். ஆனால் மோர்ஸ் தந்திக் குறியில் அவருக்கும் சரளம் இல்லை, அமேலியாவுக்கும் இல்லை. அன்று இது பெரிய குறையாகத் தெரியவில்லை.

தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, செங்கடல் தாண்டி ஜூன் 15இல் கராச்சி. அங்கே ஒட்டகச் சவாரியும் செய்து பார்த்தார். ஜூன் 17இல் கல்கத்தாவின் டம்டம். அன்றிரவு கொட்டிய மழையில் தரை ஊறிப்போயிருந்தது. இன்னும் மழை வரும், காத்திருந்தால் கிளம்பவே முடியாது என்று எச்சரிக்கை வந்தது. துணிந்து ஓட்டினார். சேற்றுப் புல்லில் விமானம் இழுத்து இழுத்து ஓடி, எல்லையில் நின்ற மரங்களின் உச்சியை ஒட்டி மேலே ஏறியது. பர்மாவின் அக்யாப்பிலிருந்து ரங்கூனுக்குப் பறந்தபோது பருவமழை சிறகின் சாயத்தைப் பெயர்த்தெடுத்தது. முதல்நாள் திரும்பி வந்து, மறுநாள்தான் ரங்கூன் போய்ச் சேர்ந்தார்கள்.

மழையும் சேறும் பார்த்து வந்தவருக்குக் காலாங் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். புத்தம் புதிய தரை, புத்தம் புதிய கட்டடம், பக்கத்திலேயே துறைமுகம். உலகின் சிறந்த விமானத் தளங்களில் ஒன்று என்று தம் பயணக் குறிப்பில் பாராட்டினார். பிறகு ஜாவாவின் பாண்டோங்கில் கருவிகளைச் சரிசெய்ய நாள்கள் போயின. திமோரின் கூப்பாங், ஆஸ்திரேலியாவின் டார்வின், ஜூன் 29இல் நியூகினியின் லாயே.

லாயே சிறிய ஊர்தான். ஆனால் விமான உலகில் அதற்குப் பெயர் உண்டு. மலைக்கு அப்பால் இருந்த தங்கச் சுரங்கங்களுக்குச் சாலை கிடையாது. பிரம்மாண்டமான தூர்வாரி இயந்திரங்களைத் துண்டு துண்டாகக் கழற்றி அங்கிருந்து விமானத்தில்தான் கொண்டுபோனார்கள். அதன் புல்தரை சுமார் 3,000 அடி நீளம். ஒரு முனை கடலில் முடியும்.

ஜூலை 2ஆம் தேதி காலை 10 மணி. அடுத்த இறக்கம் ஹவ்லண்ட் தீவு, சுமார் 4,100 கிலோமீட்டர் தொலைவு. விமானத்தில் 4,000 லிட்டருக்கும் அதிகமான எரிபொருள். அந்தத் தரையில் அவ்வளவு பாரத்துடன் எழும்ப முடியுமா என்று பார்த்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தரை முடியும் இடத்தில் விமானம் கடல் பக்கமாகத் தாழ்ந்து, தண்ணீரை உரசுவதுபோலப் போய், மெதுவாக ஏறி மறைந்தது. அதன் பிறகு அதைப் பார்த்தவர்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் யாரும் இல்லை.

ஹவ்லண்ட் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமும் அரை கிலோமீட்டர் அகலமும் கொண்ட மணல் திட்டு. கடல் மட்டத்திலிருந்து ஆறு மீட்டர் உயரம்கூட முழுதாக இல்லை. பசிபிக்கில் அதைக் கண்டுபிடிக்க நட்சத்திரம் மட்டும் போதாது, வானொலியும் வேண்டும். தீவருகே காத்திருந்த அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பல் இட்டாஸ்காவுக்கு அவர் குரல் தெளிவாகக் கேட்டது. நேரம் போகப் போக இன்னும் உரக்கக் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறார். ஆனால் கப்பலின் குரல் அவருக்குக் கேட்கவில்லை. எந்த அலைவரிசையில் யார் பேசுவது, யார் யாருடைய திசையைக் கணிப்பது என்பதில் இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெளிவான உடன்பாடு இருந்திருக்கவில்லை. கப்பல் அனுப்பிய மோர்ஸ் குறியை ஒருமுறை கேட்டும் அதைக்கொண்டு திசை காண முடியவில்லை. தீவு நேரப்படி காலை 8.43க்குக் கடைசிச் செய்தி.

அமேலியாவைத் தெய்வமாக்குவோர் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவார்கள். அவரைவிடத் திறமையான பெண் விமானிகள் அன்று இருந்தார்கள். வானொலிப் பயிற்சியில் அவர் போதிய கவனம் செலுத்தவில்லை என்பதை வரலாற்றாய்வாளர்கள் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அட்லாண்டிக்கில் புயலையும் நெருப்பையும் தாண்டியவர், அலைவரிசை எண்களில் ஏற்பட்ட குழப்பத்தில் மாட்டிக்கொண்டார். துணிச்சல் கைகொடுக்க முடியாத இடம் அது.

விமானந்தாங்கிக் கப்பல் லெக்சிங்டன் உட்பட அமெரிக்கக் கடற்படை ஜூலை 19ஆம் தேதிவரை தேடியது. ஒரு துண்டு உலோகம்கூடக் கிடைக்கவில்லை. 1939 ஜனவரியில் அவர் இறந்துவிட்டதாக நீதிமன்றம் அறிவித்தது.

எலெக்ட்ரா வகை விமானங்கள் ஒருசில இன்னும் மிஞ்சியிருக்கின்றன. 1997இல் லிண்டா ஃபின்ச் என்ற அமெரிக்க விமானி, பழுதுநீக்கிய எலெக்ட்ரா ஒன்றில் அமேலியா போன வழியைப் பின்பற்றி உலகைச் சுற்றி வந்தார். நம் பிள்ளைகள் பள்ளிக்குப் போட்டுப் போன காலணிகளால் நமக்குப் பழக்கமான பாட்டா நிறுவனம் 1937இல் வாங்கிய எலெக்ட்ரா ஒன்று, 2015இல் அமெரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து செக் நாட்டுக்குத் திரும்பியது. பிராக் அருகே உள்ள டோச்னா என்ற சிறிய விமானத் திடல்தான் இப்போது அதன் வீடு. அட்சிசன் நகரின் அமேலியா அருங்காட்சியகத்தில் இருக்கும் எலெக்ட்ராவுக்குத் தங்கை மியூரியலின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

காலாங் 1955இல் பாயா லேபாருக்கு வழிவிட்டது. ஹவ்லண்டில் அமேலியா இறங்குவதற்காகவே ஓடுதளங்களைச் சீர்செய்து வைத்திருந்தார்கள். அங்கே குடியமர்த்தப்பட்டிருந்த ஹவாய் இளைஞர்கள் சிலர், அவர் நினைவாகக் கடற்கரையில் எழுந்த அடையாளக் கோபுரத்துக்கும் காவலாக இருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் அந்தத் தீவைக் குண்டு வீசித் தாக்கியதில் அவர்களில் இருவர் மாண்டனர், கோபுரமும் சேதமடைந்தது. போருக்குப் பின் அதைச் சீர்செய்தார்கள். இப்போது தீவில் மனிதர் யாரும் இல்லை, கடற்பறவைகள்தான். கோபுரம் மறுபடி உதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த ஓடுதளங்களில் கடைசிவரை ஒரு விமானமும் இறங்கவில்லை.